நிலம் இருக்கு... மாத வருமானம் இருக்கா?

60 வயதுக்குப் பிறகு விவசாயக் குடும்பத்தின் கைச்செலவுக்கு வழி

அரசு ஊழியருக்கு ஓய்வுபெறும் தேதி முன்கூட்டியே தெரியும். விவசாயிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு 65 வயதிலும் தண்ணீர் கட்டப் போகிறார். 70 வயதிலும் களத்தில் நெல்லுக்குக் காவல் படுக்கிறார். 'இனி முடியாது' என்று உடம்பு சொல்லும் நாள்தான் அவருக்கு ஓய்வு நாள்.

அந்த நாளில் அவர் பெயரில் 3 ஏக்கர் நிலம் இருக்கும். விற்றால் பல லட்சம் பெறும். ஆனால், சர்க்கரை மாத்திரை வாங்கவும், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்கவும் மகனிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். நிலம் என்பது சொத்து. வேலை செய்ய ஆள் இருக்கும்வரைதான் அது வருமானம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாமல்தான் பல விவசாயக் குடும்பங்கள் முதுமையில் தடுமாறுகின்றன.

விதைநெல்லை எடுத்துவைத்த பிறகே சாப்பாட்டுக்கு நெல் அளப்பது நம் வழக்கம். முதுமைக்கான பணத்தையும் அதே ஒழுங்கில் ஒதுக்கினால் போதும். எந்த வயதில் இருப்பவர் என்ன செய்யலாம்? வயதுவாரியாகப் பார்ப்போம்.

மாதம் எவ்வளவு தேவை?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் 3 மாத வீட்டுச் செலவை எழுதிவைக்க வேண்டும். மளிகை, பால், கேஸ், மின்கட்டணம், செல்போன், பேருந்து, மருந்து, கோயில், மொய் என எல்லாமே கணக்கில் வரவேண்டும். பிள்ளைகளின் படிப்பு, சாகுபடிச் செலவு இரண்டையும் கழித்துவிட்டால், கணவன், மனைவி இருவருக்கான செலவு தெரிந்துவிடும். சொந்த வீடும் ரேஷன் அரிசியும் இருக்கும் ஒரு தம்பதிக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால், இன்றைய 10,000 ரூபாய் நாளைக்குப் போதாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால், 12 ஆண்டுகளில் செலவு இரண்டு மடங்காகும். இப்போது 48 வயதில் இருப்பவருக்கு 60-ல் 20,000 ரூபாய் தேவைப்படும். இதை ஒரே வழியில் ஈட்டுவது கடினம். குத்தகை, ஓய்வூதியம், சேமிப்பு வட்டி என 3 வாய்க்கால்களிலிருந்து சிறிது சிறிதாக வருவதுபோல அமைத்துக்கொள்வதே நல்லது. ஒன்று வறண்டாலும் இன்னொன்று ஓடும்.

தென்னம்பிள்ளையை மட்டும் நம்பலாமா?

'பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது' என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னையையே முதுமைக்கு நம்பியிருந்த குடும்பங்களை ஒரே இரவில் வெறும் ஆளாக்கியது. விழுந்த மரத்துக்குப் பதிலாக நெட்டை ரகக் கன்று நட்டால், காய்ப்புக்கு வர 6, 7 ஆண்டுகள் ஆகும். 35 வயதுக்காரர் அதுவரை காத்திருக்கலாம். 65 வயதுக்காரர் என்ன செய்வார்?

கறவை மாடும் அப்படித்தான். பால் பணம் வாராவாரம் கைக்கு வரும். ஆனால் புல் அறுக்க, பால் கறக்க, சாணம் அள்ள ஆள் வேண்டும். தேக்கு, மலைவேம்பு போன்ற மரங்கள் ஒருமுறை வெட்டி விற்கும் மொத்தப் பணம் தருபவை. மாதச் செலவுக்கு உதவாது. நகை அவசரத்துக்கு அடகு வைக்கப் பயன்படும். இவையெல்லாம் இருக்கட்டும். ஆனால், ஓய்வூதியம் என்று கணக்கில் எழுதும்போது, உழைக்காமலும் மழையை எதிர்பார்க்காமலும் வரும் பணத்தை மட்டுமே எழுத வேண்டும்.

முதல் வேலை, கடனை அடைப்பது

நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன் என்றால் ஆண்டுக்கு 24 சதவிகிதம். 7, 8 சதவிகித வட்டி கிடைக்கும் சேமிப்பில் பணம் போட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் 24 சதவிகிதம் கட்டுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான். கைமாற்று, மீட்டர் வட்டி, அதிக வட்டி நகைக்கடன் ஆகியவற்றை முதலில் அடைக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் இந்தக் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி கிடையாது. தவணை தவறினால்தான் சுமை.

18 முதல் 40 வயது வரை

இந்த வயதில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் இரண்டு ஓய்வூதியத் திட்டங்கள் உள்ளன.

ஒன்று, 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் மான்தன் யோஜனா. 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை நிலம் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகள் சேரலாம். சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். விவசாயி கட்டும் அதே அளவு தொகையை மத்திய அரசும் செலுத்துகிறது. நிதியை எல்.ஐ.சி. நிர்வகிக்கிறது. 60 வயதிலிருந்து மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும்.

கணவருக்கு 35 வயது, மனைவிக்கு 30 வயது என்று வைத்துக்கொள்வோம். கணவர் 150 ரூபாய், மனைவி 105 ரூபாய் என மாதம் 255 ரூபாய் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 3,060 ரூபாய். பி.எம். கிசான் திட்டத்தில் கிடைக்கும் 6,000 ரூபாயில் ஏறத்தாழ பாதி. அந்த உதவித்தொகையிலிருந்தே தவணையைப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. இருவரும் 60 வயதைத் தாண்டிய பிறகு வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் வரும்.

கணவர் மட்டும் சேர்ந்திருந்தால், அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்குப் பாதி, அதாவது 1,500 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். மனைவியும் இதே திட்டத்தில் தனியாகச் சேர்ந்திருந்தால் இந்தக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அவருடைய சொந்த ஓய்வூதியம் வரும். வருமான வரி கட்டுபவர்கள், வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. போன்றவற்றில் இருப்பவர்கள் இதில் சேர முடியாது. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், நில ஆவண விவரங்களுடன் பொது சேவை மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, 2015-ல் தொடங்கிய அடல் பென்ஷன் யோஜனா. இதற்கு நிலம் தேவையில்லை. வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். வருமான வரி கட்டுபவர்கள் மட்டும் 2022 அக்டோபர் முதல் புதிதாகச் சேர முடியாது. 60 வயதுக்கு மேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை எவ்வளவு வேண்டும் என்பதை நாமே தேர்வு செய்யலாம். 5,000 ரூபாய் ஓய்வூதியம் வேண்டுமென்றால், 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய், 30 வயதில் 577 ரூபாய், 40 வயதில் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

தவணையை மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. 3 மாதத்துக்கு ஒருமுறை, 6 மாதத்துக்கு ஒருமுறை என்றும் வைத்துக்கொள்ளலாம். அறுவடைக்கு அறுவடை பணம் பார்ப்பவர்களுக்கு இது வசதி. சந்தாதாரர் காலத்துக்குப் பிறகு துணைவருக்கு அதே ஓய்வூதியம் தொடரும். இருவரின் காலத்துக்குப் பிறகு, 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 8.5 லட்சம் ரூபாய் வாரிசுதாரராக நியமிக்கப்பட்டவருக்குப் போய்ச்சேரும். கிசான் மான்தன் திட்டத்தில் தவணை குறைவு, அரசின் பங்கும் உண்டு. ஆனால், பெற்றோர் இருவரின் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு எதுவும் வராது.

ஒரு உண்மையையும் மனதில் வைக்க வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால், 25 ஆண்டுகள் கழித்து வரும் 3,000 ரூபாயை வைத்து, இன்றைக்கு 700 ரூபாய்க்கு வாங்குவதைத்தான் வாங்க முடியும். ஆகவே, இந்த ஓய்வூதியம் அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் சேமிப்பும் வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர்களுக்கு

மேலே சொன்ன இரண்டு திட்டங்களின் கதவும் 40 வயதுக்குப் பிறகு மூடிவிடும். இவர்களுக்கு ஏற்றது பொது வருங்கால வைப்பு நிதி எனப்படும் பி.பி.எஃப். கணக்கு. அஞ்சலகத்திலும் வங்கியிலும் தொடங்கலாம். 15 ஆண்டுத் திட்டம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய் வரை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். மஞ்சள் விற்ற மாதத்தில் 10,000, வெல்லம் விற்ற மாதத்தில் 5,000 என்று போடலாம். மகசூல் பொய்த்த ஆண்டில் 500 ரூபாய் மட்டும் போட்டுக் கணக்கை உயிரோடு வைத்திருக்கலாம். 2020 ஏப்ரலிலிருந்து 2025 முடியும்வரை இதன் வட்டி 7.1 சதவிகிதமாகவே இருந்தது. வட்டிக்கு வருமான வரியும் கிடையாது.

45 வயதில் தொடங்கி, ஆண்டுக்கு 24,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்டினால், மொத்தம் கட்டியது 3.6 லட்சம் ரூபாய். இதே வட்டி நீடித்தால், முதிர்வில் கைக்கு வருவது ஏறத்தாழ 6.5 லட்சம் ரூபாய். இந்தக் கணக்கில் உள்ள பணத்தைக் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது என்பது, கடன் வாங்காமல் சாகுபடி செய்ய முடியாத விவசாயிக்கு முக்கியமான பாதுகாப்பு.

மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. போடலாம். ஆனால், அது சந்தையோடு ஏறி இறங்கும். 10 ஆண்டுகளுக்குத் தொடப்போவதில்லை என்ற பணத்தை மட்டும் போடலாம். அடுத்த போக விதை, உரத்துக்கான பணத்தையோ, மகள் கல்யாணப் பணத்தையோ அதில் போடக் கூடாது.

60 வயதை எட்டியவர்களுக்கு

கையில் மொத்தமாக ஒரு தொகை இருக்கிறது. சேமிப்பு முதிர்ந்தது, மரம் வெட்டி விற்றது, சாலைக்கு நிலம் எடுத்த இழப்பீடு என எப்படியும் வந்திருக்கலாம். இதை மாத வருமானமாக மாற்ற அஞ்சலகத்தில் இரண்டு வழிகள் உள்ளன.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது முடிந்தவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2025-ம் ஆண்டு நிலவரப்படி 8.2 சதவிகித வட்டி. 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். 10 லட்சம் ரூபாய்க்கு 20,500 ரூபாய். மேலே சொன்ன 6.5 லட்சத்தைப் போட்டால் 3 மாதத்துக்கு 13,325 ரூபாய். மாதக் கணக்கில் 4,400 ரூபாய்க்குச் சற்று மேல். 5 ஆண்டுகளுக்குப் பிறகு நீட்டித்துக்கொள்ளலாம்.

மாத வருமானத் திட்டத்தில் தனிநபர் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2025 நிலவரப்படி 7.4 சதவிகித வட்டி. 9 லட்சம் ரூபாய்க்கு மாதம் 5,550 ரூபாய். வட்டி சற்றுக் குறைவு என்றாலும் மாதாமாதம் வரும்; வயது வரம்பும் இல்லை. இந்தத் திட்டங்களின் வட்டியை அரசு 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கும். ஆனால், பணம் போடும் நாளில் உள்ள வட்டி, அந்த 5 ஆண்டுக்கும் மாறாது.

கணக்கைக் கணவன், மனைவி கூட்டாகத் தொடங்குவது நல்லது. கிராமங்களில் மனைவி பெரும்பாலும் கணவரைவிட இளையவர். கணவர் காலத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் தனியாக வாழ வேண்டியவர். அவருக்கு வங்கிக்குப் போய்ப் பழக்கம் இருக்க வேண்டும். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தால், காலம், தொகை, பணம் தரும் தேதி மூன்றையும் எழுத்தில் வைக்க வேண்டும். சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்பு உண்டு. வாய்ப்பேச்சில் விடும்போது இரு தரப்புக்கும் பிரச்னைதான்.

அதிக வட்டி ஆசை ஆபத்து

மொத்தப் பணம் வந்த வீட்டைத் தேடி ஏஜென்ட்டுகள் வருவார்கள். ஈமு கோழியை மேற்கு மாவட்ட விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். குஞ்சு கொடுக்கிறோம், கொட்டகை போட்டுத் தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பராமரிப்புப் பணமும் தருகிறோம் என்று சொல்லி வாங்கிய பணம், 2012-ல் பெருந்துறைப் பகுதி நிறுவனங்கள் மூடியபோது போனது. பலர் நிலத்தை அடமானம் வைத்துப் போட்டிருந்தார்கள். பின்னர் கோவை சிறப்பு நீதிமன்றம் நிறுவனத்தார் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

அஞ்சலகம் 8 சதவிகிதம் தரும் நாளில் ஒருவர் மாதம் 3 சதவிகிதம் தருகிறேன் என்றால், அது ஆண்டுக்கு 36 சதவிகிதம். எந்த விவசாயத்திலும் வியாபாரத்திலும் விடாமல் அந்த லாபம் வராது. வங்கியில் போட்ட பணத்துக்கு, கூட்டுறவு வங்கி உட்பட, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் வைப்புத்தொகைக்கு இந்தக் காப்பீடு பொருந்தாது. அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு.

பத்திரம் எழுதும் முன்

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு இதுதான். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே நிலத்தையும் வீட்டையும் பிள்ளைகள் பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. பாசத்தில் எழுதுகிறார்கள். பிள்ளை வங்கிக் கடன் வாங்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். பங்குச் சண்டை வரக் கூடாது என்று எழுதுகிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் சொத்து கைமாறிவிடுகிறது. பிறகு மனம் மாறினாலும் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது.

உயில் அப்படியல்ல. எழுதியவரின் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; கடைசியாக எழுதியதே செல்லும். 2 சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப்போகிறவரும் அவருடைய கணவன் அல்லது மனைவியும் சாட்சியாக இருக்கக் கூடாது. பதிவு கட்டாயமில்லை, ஆனால், பதிவு செய்தால் பின்னாளில் சண்டை குறையும்.

செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்ற நிலை வந்தால், பத்திரத்தில் 3 விஷயங்கள் இருக்க வேண்டும். முதலாவது, கணவன், மனைவி இருவரும் ஆயுள் பரியந்தம் நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. இரண்டாவது, வீட்டில் கடைசி வரை குடியிருக்கும் உரிமை. மூன்றாவது, சொத்து பெறுபவர் உணவு, மருத்துவம் உள்ளிட்ட தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை.

மூன்றாவது நிபந்தனைக்குத் தனி வலு உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த பிறகு பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை எழுதப்படாவிட்டால் வழக்கு சிக்கலாகிறது. 'பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?' என்று தயங்க வேண்டியதில்லை. நல்ல பிள்ளைக்கு அந்த வரி ஒரு சுமையே அல்ல.

பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'அடுத்த மாதம் முதல் எங்கள் இருவரின் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்?' இதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால், கையெழுத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

நிலம் அப்பா பெயரில் இருக்கிறது. கிசான் மான்தன் திட்டத்தில் மகன் சேர முடியுமா?

நில ஆவணத்தில் பெயர் இருப்பவர்களுக்கான திட்டம் அது. பெயர் இல்லாதவர்கள் அடல் பென்ஷன் யோஜனாவில் சேரலாம். மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத விவசாயக் கூலித் தொழிலாளர்களுக்கு, பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் என்ற திட்டம் இருக்கிறது. வயது வரம்பு 18 முதல் 40. மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை தவணை. 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம்.

பி.பி.எஃப். கணக்கில் 2 ஆண்டுகளாகப் பணம் கட்டவில்லை. போட்ட பணம் போய்விடுமா?

போகாது. விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தபட்சத் தொகை 500 ரூபாயும், அபராதம் 50 ரூபாயும் கட்டிக் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியுமா?

முடியும். ஓர் ஆண்டுக்குள் எடுத்தால் வட்டி கிடையாது. 1 முதல் 2 ஆண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவிகிதம், 2 ஆண்டுகளுக்குப் பிறகு என்றால் 1 சதவிகிதம் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே, 6 மாதச் செலவுக்கான பணத்தைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு, மீதியை மட்டும் இதில் போடுவது நல்லது.

முதுமையில் மருத்துவச் செலவு சேமிப்பையே கரைத்துவிடுகிறதே?

ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பெறலாம்.

நிபந்தனை எதுவும் எழுதாமல் மகனுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது அவர் கவனிப்பதில்லை. வழி உண்டா?

உண்டு. பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை பத்திரத்தைப் பொறுத்தது அல்ல. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிட முடியும். நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 90 நாள்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழிக் கடிதம் ஏதேனும் இருந்தால், அதையும் மனுவோடு சேர்க்க வேண்டும். அப்படி ஒரு தனி உறுதிமொழி இருந்த வழக்கில், தாய் எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் ரத்தானது சரியே என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.